சாண்ட்விச் டிப்ளமோவா, நேர் பி.இ.யா, பாலக்காடு பாலிடெக்னிக்கா?

இரண்டு வருஷம் முன்னால் ஒரே மே மாதத்தில் எங்கள் குடும்பத்தில் இரண்டு பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் கே.ஜி. சாவடியில் என் மகன். அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் என் தங்கை மகள். நடுவில் வேலந்தாவளம் செக்போஸ்ட், அவ்வளவுதான். வீட்டில் பேசுவது ஒரே தமிழ். ரெண்டு பேருக்கும் மெக்கானிக்கல்தான் வேண்டும். ரெண்டு பேருமே இந்தச் சுற்றுவட்டாரத்தை விட்டுப் போகிற எண்ணம் இல்லாதவர்கள். கோயமுத்தூர் ஒரு கைக்கு, பாலக்காட்டுப் பக்கம் தொழிற்சாலைகள் இருக்கும் கஞ்சிக்கோடு இன்னொரு கைக்கு என்று இருக்கிற ஊரில் அது பேராசையும் இல்லை.

மகனைச் சாண்ட்விச் டிப்ளமோவில் சேர்த்தேன், அதாவது படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த பாலிடெக்னிக் படிப்பு. தங்கை மகள் பாலக்காட்டில் அரசு பாலிடெக்னிக். நேர் பி.இ. என்ற மூன்றாவது வழி, பக்கத்து வீட்டுக்காரர் தினமும் வந்து நினைவூட்டிக்கொண்டே இருந்தது. இப்போது ரெண்டு பிள்ளைகளும் நாலு செமஸ்டர் தாண்டிவிட்டார்கள். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை. மலுமிச்சம்பட்டி பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் மெயின்டெனன்ஸில் இருக்கிறேன், ஆள் எடுக்கும்போது அந்த மேஜையில் ஒரு ஓரத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். அந்த நாற்காலியிலிருந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நேர் பி.இ.யைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பிளஸ் டூ, அப்புறம் நாலு வருஷம். பட்டம் பட்டம்தான், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. டிசைன், ஆராய்ச்சி, வெளிநாட்டு மேற்படிப்பு என்று பிள்ளைக்கு ஒரு திட்டம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் எங்கள் கம்பெனி மாதிரி இடங்களுக்கு வரும் புது பி.இ. பையன்களை முதல் சில மாதம் யாரும் மெஷின் பக்கம் விடுவதில்லை. கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து ரிஜெக்‌ஷன் கணக்கு எழுத விடுவார்கள். கெட்டிக்காரப் பையன்கூட அதில் சோர்ந்துபோய் ஐ.டி. பக்கம் ஓடிவிடுகிறான். பி.இ.யிலேயே சாண்ட்விச் உண்டு. பி.எஸ்.ஜி. டெக்கில் மெக்கானிக்கல் சாண்ட்விச் ஐந்து வருஷப் படிப்பு. கிடைத்தால் விடாதீர்கள். கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

வருஷக் கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். பத்தாம் வகுப்பிலிருந்து எண்ணினால் பிளஸ் டூ வழியாக பி.இ. முடிக்க ஆறு வருஷம். ரெகுலர் டிப்ளமோ மூன்று, லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் சேர்ந்து மூன்று, அதுவும் ஆறுதான். சாண்ட்விச் டிப்ளமோவோ ஏழு செமஸ்டர், மூன்றரை வருஷம். அது முடிவது வருஷக் கடைசியில். லேட்டரல் என்ட்ரி சேர்க்கை அடுத்த கோடையில்தான். ஆக நடுவில் அரை வருஷம் சும்மா நிற்கும். பி.இ. முடித்தே தீருவேன் என்று உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு ரெகுலர் டிப்ளமோதான் லாபம். இதை என் மனைவிதான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக் காட்டினாள். எனக்கு அதுவரை தோன்றவில்லை.

சரி, அப்படியிருந்தும் ஏன் சாண்ட்விச்?

ஏழு செமஸ்டரில் நாலாவதும் ஏழாவதும் கல்லூரியில் இல்லை, தொழிற்சாலையில். ஆறு மாதம், இன்னொரு ஆறு மாதம். ரெகுலர் டிப்ளமோவிலும் விடுமுறையில் இரண்டு வாரம் இன்பிளான்ட் டிரெயினிங் என்று அனுப்புவார்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு வருகிற பையனுக்கு எந்த போர்மேனும் வேலை கற்றுக்கொடுக்க மாட்டார். அவன் வந்து போவதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ஆறு மாதம் இருக்கப்போகிறான் என்று தெரிந்தால்தான், சரி, இவனைத் தயார் செய்தால் நமக்கும் ஒரு கை கிடைக்கும் என்று நினைப்பார்.

என் மகன் நாலாவது செமஸ்டரில் போன கம்பெனியில் முதல் மூன்று வாரம் பிசிறு தேய்க்க விட்டார்கள். அரம் ஒன்று, வார்ப்பு ஒரு குவியல். வீட்டுக்கு வந்து தட்டைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாமல் சாப்பிட்டான். இதற்கா இவ்வளவு யோசித்தோம் என்று எனக்கே இருந்தது. நாலாவது வாரம் ஒரு ஆபரேட்டர் லீவு போட்டார், இவனை லேத்துக்கு, அதாவது கடைசல் மெஷினுக்கு, மாற்றினார்கள்.

அங்கே நடந்த ஒன்றை அவன் சொன்ன மாதிரியே சொல்கிறேன். ஒரு பக்கம் கடைந்த பம்ப் கேசிங்கைத் திருப்பி லேத்தில் பாகத்தைக் கவ்விப் பிடிக்கும் நாலு தாடை சக்கில் பிடித்து சென்டர் பார்க்க வேண்டும், அதாவது பாகத்தின் நடுவும் சக்கின் நடுவும் ஒன்றாக வர வேண்டும். விலகலை ஊசியால் காட்டும் டயல் கருவியை வைத்துச் சக்கைக் கையால் சுற்றினான். ஊசி 30 கோடு ஆடியது. ஒரு கோடு 0.01 மில்லிமீட்டர். அப்படியானால் 0.30 விலகியிருக்கிறது என்று நினைத்து, ஒரு தாடையைத் தளர்த்தி எதிர்த் தாடையை இறுக்கி அவ்வளவும் தள்ளினான். ஊசி மறுபக்கம் அதே 30 ஆடியது. மறுபடி தள்ளினான், மறுபடி அதே கதை. முக்கால் மணி நேரம். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த போர்மேன் கடைசியில் வந்து, "ஏன் கண்ணு, ஊசி முப்பது காட்டுனா நீ தள்ள வேண்டியது பதினஞ்சுதான். மேல பாதி, கீழ பாதி. கணக்குப் படிச்ச பையன்தானே நீ?" என்றாராம்.

ஆட்டத்தில் பாதிதான் விலகல். இது புத்தகத்தில் இருக்கிறது, இவன் அதற்கு மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் அன்றைக்குத்தான் அது கைக்குள் போனது. அதற்கப்புறம் அவன் ஒரு ஜாப்பை சென்டர் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கம்பெனிக்கு வரும் பட்டதாரிகளில் இந்த வேலையைச் செய்து காட்டச் சொன்னால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மேல் குறை இல்லை, அவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரத்தை யாரும் கொடுக்கவில்லை.

கைப்பழக்கம் ஒரு பக்கம். என்னைத் தீர்மானிக்க வைத்தது இன்னொன்று. கோயமுத்தூரில் பம்ப், மோட்டார், வார்ப்பு, வால்வு, டெக்ஸ்டைல் மெஷின் பாகம் என்று நடக்கும் யூனிட்டுகளில் பெரும்பாலானவை சின்னவை. குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையிலும் கணபதியிலும் இருக்கும் பட்டறைக்காரர் எந்தக் கல்லூரிக்கும் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போக மாட்டார். ஆள் தேவைப்பட்டால் போர்மேனைக் கூப்பிட்டு, "போன வருஷம் ஒரு பையன் வந்தானே, அவன் எப்படி?" என்றுதான் கேட்பார். எங்கள் மேஜையிலும் அதுதான் நடக்கிறது. மார்க் ஷீட்டை ஒரு நிமிஷம் பார்ப்போம். முன்னாலேயே ஆறு மாதம் பார்த்த பையன் என்றால் அந்த ஒரு நிமிஷமும் கிடையாது. அவன் எட்டு மணிக்கு வந்தானா, மெஷினைத் துடைத்துவிட்டுப் போனானா, தப்பு செய்தால் ஒத்துக்கொண்டானா, எல்லாம் தெரியும். இன்னொரு கம்பெனியில் பயிற்சி முடித்தவன் என்றாலும் அங்கே போன் போட்டுக் கேட்க ஒரு ஆள் இருக்கிறார். ஏழாவது செமஸ்டர் படிப்பின் கடைசியிலேயே வருவதால், பயிற்சி முடிகிற அன்றே அப்படியே இருந்துவிடு என்று சொல்ல கம்பெனிக்கும் வசதி.

இந்த ஊருக்கு இது புதுசும் இல்லை. படிப்பும் பட்டறையும் ஒன்றாக நடக்க வேண்டும் என்றுதான் 1926-இல் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டையே ஆரம்பித்தார்கள். 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரியில் முதல்வராக இருந்த ஜி.டி. நாயுடு, நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் தாராளம் என்று வாதாடி, அரசு ஒப்பாததால் விலகினார். அதுதான் இன்றைய ஜி.சி.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அவர் சொன்ன இரண்டு வருஷத்தை நான் ஏற்கவில்லை. எரிச்சல் எதனால் வந்திருக்கும் என்பது மட்டும் புரிகிறது.

ஆனால் சாண்ட்விச் என்று போர்டு போட்டிருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். என் கண்முன்னாலேயே ஒரு பையன், எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று சொல்ல வேண்டாம், ஆறு மாதமும் பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டினான். சர்டிபிகேட்டில் அவனுக்கும் அதே ஆறு மாதம்தான் எழுதியிருக்கும். சேர்க்கும் முன் கல்லூரியில் நான் கேட்டவை மூன்று. போன பேட்ச் எந்தெந்தக் கம்பெனிக்குப் போனது? அங்கே எந்த செக்‌ஷனில் நின்றார்கள்? பயிற்சி நடக்கும்போது கல்லூரியிலிருந்து யாராவது நேரில் வந்து பார்க்கிறார்களா? முதல் கேள்விக்கு எல்லாக் கல்லூரியும் அழகான பட்டியல் நீட்டும். இரண்டாவதுக்கு உடனே பதில் வந்தது ஒரே இடத்தில். அங்கே சேர்த்தேன்.

பணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்ரன்டிஸ் விதிகளில் 2019-இல் செய்த திருத்தப்படி சாண்ட்விச் டிப்ளமோ மாணவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தார்கள். ஆனால் கம்பெனி முறையாக ஒப்பந்தம் போட்டு அப்ரன்டிஸாகப் பதிவு செய்தால்தான் அந்தக் கணக்கு. சின்னப் பட்டறையில் முதலாளி மனசுதான் விதி. என் மகனுக்குக் கிடைத்தது பெட்ரோலுக்கும் டீக்கும் சரியாகப் போயிற்று.

இனி பாலக்காடு. இதில் எனக்குத் தெரிந்தது தங்கை மகள் வழியாக மட்டும்தான், அதனால் குறைத்தே சொல்கிறேன். ஆறு செமஸ்டர், கட்டணம் கையைக் கடிக்கவில்லை, வீட்டிலிருந்தே பஸ். புத்தகம் இரண்டு பக்கமும் ஆங்கிலம்தான். ஆனால் லேபில் வாத்தியார் மலையாளத்தில் விளக்கும்போது முதல் செமஸ்டர் முழுக்கத் திணறினாள். இப்போது என்னிடமே மலையாளம் கலந்துதான் பேசுகிறாள். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அவள் எடுத்தது தப்பே இல்லை. கஞ்சிக்கோட்டில் பி.இ.எம்.எல்., டெலிபோன் கருவிக் கம்பெனியான ஐ.டி.ஐ. லிமிடெட், வாளையாறில் மலபார் சிமென்ட்ஸ் என்று பொதுத்துறை இருக்கிறது. அங்கெல்லாம் போர்மேன் சொல் எடுபடாது, விண்ணப்பமும் தேர்வும்தான். ஓவர்சியர் மாதிரி வேலைக்குக் கேரள பி.எஸ்.சி. என்ற அரசுப் பணித் தேர்வு எழுதவும் அந்த டிப்ளமோ தோது. பாலக்காடு பக்கத்துப் புதுச்சேரியில் (பாண்டிச்சேரி இல்லை) தொழில் நகரம் வரப்போகிறது, 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. அது எழுந்து நின்றால் என் தங்கைதான் சிரிக்கப் போகிறாள். "அண்ணா, உங்க சின்னப் பட்டறைக் கணக்கு எங்களுக்கு எதுக்குங்க?" என்று இப்போதே கேட்கிறாள்.

எல்லை தாண்டிச் சேர்க்க நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு. தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் கோயமுத்தூரில்தான் தொடங்கியது. கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்திலேயே படித்திருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு இது வராது. தங்கை மகளை இந்தப் பக்கம் கூட்டிவரப் பேசியபோது கணக்கு இடித்த இடங்களில் இதுவும் ஒன்று.

சாண்ட்விச்சில் நான் எதிர்பார்க்காத தலைவலி ஷிப்ட். கடைசி இரண்டு மாதம் மகனை செகண்ட் ஷிப்டில் போட்டார்கள். வீடு வந்து சேர நள்ளிரவு. நவக்கரைப் பக்கம் யானை ரோட்டைக் கடப்பது எங்களுக்கு வாடிக்கை. 2021 நவம்பரில் ரயிலில் அடிபட்டு மூன்று யானை செத்தது அந்தப் பக்கம்தான். பைக் சத்தம் கேட்கிறவரை அவன் அம்மா விளக்கை அணைக்க மாட்டாள். பெண் பிள்ளையாக இருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு நான் ஒத்துக்கொண்டிருப்பேனா என்று தங்கை கேட்டாள். கம்பெனி பஸ் இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன் என்றேன். அவள் நம்பவில்லை.

நான் சொன்னதெல்லாம் மெக்கானிக்கலை வைத்து. கம்ப்யூட்டர் எடுப்பவர்களுக்கு இதே கணக்கு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் அந்த போர்மேன் எனக்கு போன் செய்தார். ஏழாவது செமஸ்டருக்குத் தம்பியை இங்கேயே அனுப்பி வையுங்கள், முதலாளியிடம் பேசிவிட்டேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை, இதற்குத்தானே இவ்வளவும். மகனிடம் சொன்னேன். அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "அங்க லேத்துதான்ப்பா இருக்கு. நான் அரசூர் பக்கம் வி.எம்.சி. இருக்கிற கம்பெனியா கேட்டிருக்கேன்" என்றான். வி.எம்.சி. என்றால் கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் மில்லிங் மெஷின். அரசூர் எங்கள் ஊரிலிருந்து நகரத்தைத் தாண்டி மறுகோடி. தங்க ரூம் பார்க்க வேண்டும். போர்மேனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.