நியூயார்க்கில் செயின்ட் பேட்ரிக் தினம்: எதற்குப் போகலாம்?

மார்ச் 17, அயர்லாந்தின் காவல் புனிதர் பேட்ரிக்கின் நாள். அன்று நியூயார்க்கில் இருந்தால் ஊரே ஐரிஷ் பச்சையாகத்தான் இருக்கும். எங்கே போவது என்பதுதான் கேள்வி. ஃபிஃப்த் அவென்யூ ஊர்வலமா, பழைய பப்பா, ஹட்சன் ஆற்றோரம் இருக்கும் அயர்லாந்துப் பஞ்ச நினைவிடமா? குயின்ஸில் இன்னொரு ஊர்வலமும் உண்டு, ஆனால் அது வேறு தேதியில்.

முதலில் பெரிய ஊர்வலம். இது தொடங்கியது 1762இல், அமெரிக்கா சுதந்திரம் அறிவிப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பு. காலை 11 மணிக்கு 44ஆம் தெருவில் கிளம்பி, செயின்ட் பேட்ரிக் பேராலயத்தைத் தாண்டி, 79ஆம் தெரு வரை போகும். பூ ஜோடித்த வண்டி, ராட்சத பலூன் எல்லாம் கிடையாது. எல்லாரும் நடந்தே வருவார்கள். முன்னால் நியூயார்க்கின் ஐரிஷ் படைப்பிரிவு என்று பெயர்பெற்ற 69ஆம் காலாட்படை, அவர்களோடு கன்றுக்குட்டி உயரத்துக்கு ஐரிஷ் வேட்டை நாய்கள். பிறகு மணிக்கணக்கில் பேக்பைப் குழுக்கள், பள்ளி இசைக்குழுக்கள், அயர்லாந்தின் ஒவ்வொரு கவுன்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், ஒரு சங்கம். பாதிக்கு மேல் எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பிக்கும், பொய் சொல்வானேன். ஆனால் தீயணைப்புத் துறை வரும்வரை பொறுத்திருங்கள். 2001 செப்டம்பர் 11இல் இறந்த தங்கள் ஆட்கள் 343 பேருக்காக 343 கொடிகளை ஏந்தி வருவார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த கூட்டம் அடங்கிவிடும்.

நிற்கும் இடம் முக்கியம். 59ஆம் தெருவுக்குக் கீழே நெரிசல் அதிகம். 66க்கு மேலே சென்ட்ரல் பார்க் ஓரமாக நின்றால் பிள்ளைகளுக்கும் தெரியும், காலை நீட்டவும் இடம் கிடைக்கும். செலவு ஒன்றுமில்லை. கழிப்பறைதான் பெரும்பாடு, கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

பப்பைப் பொறுத்தவரை எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. ஈஸ்ட் வில்லேஜில் இருக்கும் மெக்ஸார்லிஸ் போன்ற இடம் சாதாரண நாளில் அருமை. தரையில் மரத்தூள், குடிக்க இரண்டே வகை ஏல் பீர், வெளுப்பு அல்லது கறுப்பு, கேட்டால் இரண்டிரண்டு குவளையாகத்தான் வரும். 1970 வரை பெண்களை உள்ளே விடாத கடை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் மார்ச் 17 அன்று காலையிலிருந்தே வரிசை. மிட்டவுன் பப்கள் சிலவற்றில் நுழையவே காசு, உள்ளே போனால் பிளாஸ்டிக் கோப்பையில் பச்சைச் சாயம் கலந்த பீர். இதைத்தான் ஐரிஷ் மரபு என்று பலரும் நம்புகிறார்கள். அயர்லாந்திலோ 1920களின் பிற்பகுதியிலிருந்து 1960கள் வரை இந்த நாளில் பப்களைச் சட்டம் போட்டு மூடி வைத்திருந்தார்கள்! கார்ன்டு பீஃப் என்கிற உப்பில் ஊறவைத்த மாட்டிறைச்சி, கூடவே முட்டைக்கோஸ், அந்தச் சங்கதியும் அப்படித்தான். அயர்லாந்தில் பன்றி இறைச்சி சாப்பிட்டுப் பழகியவர்கள், நியூயார்க் வந்து யூதக் கசாப்புக் கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கிச் சமைத்தது அது. சாப்பாடுதான் வேண்டுமென்றால் பிராங்ஸில் உட்லான் பக்கம், கடோனா அவென்யூவுக்குப் போங்கள். இன்றும் ஐரிஷ்காரர்கள் குடியிருக்கிற தெரு அது.

நான் யாருக்கும் முதலில் சொல்வது பஞ்ச நினைவிடத்தைத்தான். 2002இல் பேட்டரி பார்க் சிட்டியில், வெசி தெரு முடியும் இடத்தில் கட்டியது. கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே திடீரென்று புல் மூடிய ஒரு மேடு. மேலே கூரையில்லாத ஒரு கல் வீடு. மாயோ கவுன்டியில் நிஜமாகவே குடியிருந்த வீடு, கல்கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் அயர்லாந்துச் செடிகள், 32 கவுன்டிகளிலிருந்தும் வந்த கற்கள். அந்த நிலத்தின் அளவு கால் ஏக்கர், அதற்கும் காரணம் உண்டு. 1847இல் வந்த சட்டப்படி கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. நிலத்தை விட்டுக்கொடு, இல்லையென்றால் பட்டினி கிட. 1845 முதல் 1852 வரையிலான அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறினார்கள். மேட்டின் விளிம்பில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் எல்லிஸ் தீவு தெரியும். 1892இல் அது திறந்தபோது முதலில் பதிவானவள் கார்க்கிலிருந்து வந்த ஆனி மூர் என்ற சிறுமி. இங்கே அரை மணி நேரம் நின்றுவிட்டு ஊர்வலத்துக்குப் போனால், கவுன்டிப் பெயர் எழுதிய அந்தப் பதாகைகள் வேறு மாதிரி தெரியும்.

குயின்ஸ் ஊர்வலம் மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்னிசைடிலிருந்து உட்சைடுக்கு, ஸ்கில்மன் அவென்யூ வழியாக. ஃபிஃப்த் அவென்யூவில் தன்பாலீர்ப்புக் குழுக்கள் தங்கள் பதாகையோடு நடக்கத் தடை இருந்த காலத்தில், 2000இல், எல்லாரும் வரலாம் என்று தொடங்கியது. ஃபிஃப்த் அவென்யூவில் அந்தத் தடை 2015இல்தான் தளர்ந்தது, ஐரிஷ் தன்பாலீர்ப்பாளர் குழு நடக்க 2016 ஆயிற்று. குயின்ஸ் ஊர்வலம் அளவில் சின்னது. லத்தீன் அமெரிக்க நடனக்காரர்களும் கொரிய மேளக்காரர்களும்கூட நடந்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு இதுதான் சரி, 7ஆம் எண் ரயிலில் இறங்கி நடந்தால் போதும்.

17ஆம் தேதிதான் வாய்த்தது என்றால் காலை எட்டரைக்கு நினைவிடம், பிறகு சப்வேயில் 70ஆம் தெருவுக்கு மேலே ஊர்வலப் பக்கம், மூன்று மணிக்கு மேல் உட்லானில் சாப்பாடு. புறநகர் ரயிலில் திரும்புகிறவர்கள் பீர் கேனோடு ஏற வேண்டாம். அன்று லாங் ஐலண்ட் ரயிலிலும் மெட்ரோ நார்த்திலும் மதுவுக்குத் தடை போட்டு, போலீஸை நிறுத்தியிருப்பார்கள்.