பெரிய பெயரின் நகலும் சிறிய பெயரின் அசலும்: ஒரு கைக்கடிகார ஒப்பீடு

புகழ்பெற்ற சுவிஸ் டைவர் கடிகாரம் (நீரில் மூழ்குவோருக்கானது) ஒன்றின் ‘ஃபர்ஸ்ட் காப்பி’யை ஒன்றரை ஆண்டு கட்டியிருந்தேன். அது நின்றுபோன பிறகு ஜப்பானிய செய்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஆட்டோமேட்டிக் (கையசைவால் தானே முறுக்கிக்கொள்ளும் வகை) ஒன்றை வாங்கி, மூன்று ஆண்டுகளாக அதைத்தான் கட்டி வருகிறேன். இரண்டுக்கும் என் கைக்காசைக் கொடுத்தவன் என்பதால் நடுநிலை காட்டுவதாகப் பாசாங்கு செய்யப்போவதில்லை. என் சாய்வு அசலின் பக்கம். அதற்குக் காரணமும் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். கடிகாரம் நின்றால் அதைத் திறந்து சரிசெய்து கொடுக்க யாராவது இருக்கிறார்களா என்பதே அது.

எல்லோரும் அறிந்த செய்திகளை முதலில் கடந்துவிடலாம். பிறருடைய வணிகக்குறியை அனுமதியின்றிப் பொறித்து விற்பது குற்றம். வணிக அளவில் வேண்டுமென்றே நடக்கும் அத்தகைய போலித் தயாரிப்புக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் உறுப்பு நாடுகள் அனைத்திலும் இருக்க வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமே கூறுகிறது. இத்தாலி, பிரான்சு போன்ற நாடுகளில் வாங்கியவர் மீதே அபராதம் விழலாம். போலி என்று தெரிந்தே கட்டுவது முறையா என்ற கேள்வியை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன். ஒன்றரை ஆண்டு கட்டியவனுக்கு உபதேசம் செய்யும் தகுதி கிடையாது.

நகலுக்குரிய நியாயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னிடமிருந்த நகலின் வெளிப்புற வேலைப்பாடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. சுழலும் வளையம் செராமிக், கண்ணாடி சஃபையர். பத்துப் படிகள் கொண்ட மோஸ் கடினத்தன்மை அளவில் சஃபையர் 9-ஆம் படியில் நிற்பதால், அன்றாடப் புழக்கத்தில் அதில் கீறல் விழுவது அரிது. செய்கோ 5-இன் பெரும்பாலான மாடல்களில் இருப்பதோ ஹார்ட்லெக்ஸ் எனப்படும், கடினப்படுத்தப்பட்ட சாதாரணக் கண்ணாடி. நான் ஒரு முறை கவனமின்றிக் கையைச் சுவரில் உரசியதற்கு அடையாளமாக என் கடிகாரத்தில் நான்கு மணிக்கு அருகே ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துத் தொடாமல் பார்க்கச் சொன்னால் பத்தில் எட்டுப் பேர் நகலைத்தான் கையில் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். எண்ணெயும் உதிரி பாகமும் கேட்கும் இயந்திரமாகக் கடிகாரத்தைப் பார்க்காமல் நகையாக மட்டும் பார்ப்பவருக்கு இந்த ஒப்பீடு இங்கேயே முடிந்துவிடும்.

எனக்கு அது பதினான்காம் மாதத்தில்தான் தொடங்கியது. அந்த மாதத்திலிருந்து நகல் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கியது. பதினெட்டாம் மாதத்தில் அடியோடு நின்றது. பல ஆண்டுகளாகப் பழகிய கடிகாரப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு சென்றேன். அவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடமே நீட்டினார். கையசைவுக்கேற்பச் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் ரோட்டார் என்ற அரைவட்டத் தகடு தளர்ந்து, உட்சுவரில் உரசி உரசி, பளபளப்பான ஒரு பிறைக்கோட்டை வரைந்திருந்தது. அங்கிருந்து உதிர்ந்த உலோகத் தூள் பற்சக்கரங்களின் இடுக்குகளில் கரும்பழுப்பாக ஒட்டியிருந்தது. சக்கரங்களின் அச்சுமுனைகள் அமரும் சிவப்புக் கற்களில் எண்ணெய்த் துளி மினுங்க வேண்டும். பெரும்பாலானவை வறண்டு கிடந்தன. பின்மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தில் கிரீஸே இல்லை. ஓரிடத்தில் அது நெளிந்து மேலேறியும் இருந்தது.

மெஷினின் மேல்தகட்டில் அந்தச் சுவிஸ் நிறுவனத்தின் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருந்தது. அவர் சிறு திருகுளியால் இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும் அந்தத் தகடு தனியே வந்துவிட்டது. அடியில் பெயரோ எண்ணோ இல்லாத வேறொரு மெஷின் இருந்தது. “இது எந்த மெஷின் என்று தெரிந்தால்தானே தம்பி உதிரி பாகம் தேட முடியும்? கழுவி எண்ணெய் விடுகிறேன், ஓடினால் ஓடட்டும், ஆனால் உத்தரவாதம் கேட்காதீர்கள்” என்றார். அவர் கேட்ட கூலியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கூலியைக் கொடுத்த பின்னும் கடிகாரம் ஓடுமா என்பதை அவராலேயே சொல்ல முடியவில்லை. நான் அதை அப்படியே மூடி வாங்கிக்கொண்டேன்.

நகல்களுக்குள் இருக்கும் மெஷின்கள் ஒரே தரத்தவை அல்ல. மலிவானவற்றில், அசலில் வழுக்கிச் செல்லும் நொடிமுள் நொடிக்கு ஒரு முறை துள்ளிச் செல்லும். உள்ளே இருப்பது செல்லில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் மெஷின். அதற்கு மேற்பட்டவற்றில் ஜப்பானிய மியோட்டாவையோ சுவிஸ் இடிஏ 2824-ஐயோ பின்பற்றிச் சீனாவில் செய்யப்பட்ட ஆட்டோமேட்டிக் மெஷின்கள் இருக்கும். இந்தச் சீன மெஷின்களை இழிவாகச் சொல்லிவிடக் கூடாது. சொந்தப் பெயரில் நேர்மையாக விற்கப்படும் பல கடிகாரங்களில் அவை நன்றாகவே ஓடுகின்றன. சிக்கல் நகலுக்குள் நுழையும்போது வருகிறது. அசலின் தோற்றம் கிடைப்பதற்காக அலங்காரத் தகடுகளை மேலே பொருத்துகிறார்கள். தேதித் தகட்டையும் முட்களின் உயரத்தையும் மாற்றுகிறார்கள். குரோனோகிராஃப் எனப்படும், நிறுத்துக்கடிகார வசதி கொண்ட கடிகாரங்களின் நகல்களில் சிறு வட்டங்களை நொடி எண்ணும் கருவியாக அமைக்காமல் கிழமையோ தேதியோ காட்டும் வட்டங்களாக மாற்றிவிடுவதும் உண்டு. மாற்றம் ஏற ஏற, பொது உதிரி பாகங்கள் பொருந்தும் வாய்ப்பு குறைகிறது. அசல் நிறுவனத்தின் சேவை மையமோ போலியைத் தொடாது.

‘சூப்பர் குளோன்’ எனப்படும் மேல்தர நகல்களில் அசல் மெஷினின் அமைப்பையே பாகத்துக்குப் பாகம் நகலெடுத்திருப்பார்கள். அத்தகைய ஒன்றை நண்பர் ஒருவரின் கையிலிருந்து கழற்றி அரை மணி நேரம் பார்த்திருக்கிறேன், அவ்வளவே. என் கடிகாரத்துக்கு நேர்ந்தது அதற்கும் நேரும் என்று அந்த அரை மணி நேரத்தை வைத்துச் சொல்வது நியாயமாகாது. ஆனால் அதற்குக் கேட்கும் தொகையில் நல்ல ஜப்பானிய ஆட்டோமேட்டிக்குகளையும் சில சுவிஸ் கடிகாரங்களையும் அசலாகவே வாங்க முடியும் என்பதால், மலிவு என்ற வாதம் அங்கே எடுபடுவதில்லை.

இப்போது அசலின் பக்கம் வருவோம். என் செய்கோவில் இருக்கும் மெஷினின் எண் 4ஆர்36. மணிக்கு 21,600 துடிப்பு, 24 கற்கள், முழுதாக முறுக்கினால் ஏறத்தாழ 41 மணி நேர ஓட்டம். மணிக்கு 21,600 என்றால் நாளொன்றுக்கு 5,18,400 துடிப்புகள்; எண்ணெய் காய்ந்தால் எந்த நிறுவனத்தின் மெஷினும் தேயும் என்பதற்கு அந்த எண்ணே போதும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பிரித்துக் கழுவி எண்ணெய் விட வேண்டிய தேவை அசலுக்கும் உண்டு. ஆனால் அந்த நாள் வரும்போது, எண் மெஷினிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, அதைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கு அறிவார்கள், பாகங்களும் கிடைக்கின்றன. அதோடு, இதே மெஷினை என்எச்36 என்ற பெயரில் செய்கோ குழுமம் பிற தயாரிப்பாளர்களுக்கும் விற்பதால், பழைய மெஷினைப் பிரிப்பதைவிடப் புதியதையே வாங்கிப் பொருத்துவது பல நேரங்களில் மலிவாகவும் முடிந்துவிடுகிறது. பழுதுபார்க்கும் கலைக்கு இது சிறப்பா என்று கேட்டால், இல்லை என்றுதான் என் பழுதுபார்ப்பவர் முகம் சுளிப்பார். வாங்கியவனுக்கு அது நிம்மதி. என்னுடையதைச் சென்ற ஆண்டு அவரிடம் காட்டியபோது நேரச் சோதனைக் கருவியில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிட்டு, இப்போதைக்குத் திறக்கத் தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே பிரித்துச் செய்யும் முழு சர்வீஸ் எப்படி அமையும் என்பதை என் சொந்த அனுபவத்திலிருந்து இன்னும் எழுத முடியாது.

அசல் என்பதாலேயே எல்லாம் எளிதில் பழுதுபார்க்கக்கூடியவை என்றும் எண்ணிவிடக் கூடாது. சுவிஸ் நிறுவனமான டிசோவின் கடிகாரங்களில் இருக்கும் பவர்மேட்டிக் 80 மெஷின் 80 மணி நேரம் ஓடும் என்பது பெரிய வசதி. ஒரு வார இறுதி முழுவதும் மேசையில் கிடந்தாலும் நிற்காது. ஆனால் அதன் சில வகைகளில் நேரத்தைத் தொழிற்சாலையிலேயே லேசர் கொண்டு சரிசெய்துவிடுகிறார்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வழக்கமான நெம்பு அவற்றில் இல்லை. எனவே எந்தக் கடிகாரத்தை வாங்குவதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மெஷினின் எண்ணைக் கேட்டறிந்து, நமக்குப் பழக்கமான பழுதுபார்ப்பவரிடம் அந்த எண்ணைச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

நீர்க்காப்பும் பராமரிப்பைச் சேர்ந்ததுதான். ஐஎஸ்ஓ 6425 என்ற பன்னாட்டுத் தரத்தின்படி டைவர் கடிகாரம் என்று சொல்லப்படும் ஒவ்வொன்றும், டயலில் குறித்த ஆழத்துக்குரிய அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் சோதிக்கப்பட வேண்டும். என் நகலின் டயலில் 300 மீட்டர் என்று எழுதியிருந்தது. உள்ளே கிரீஸ் இல்லாத அந்த ரப்பர் வளையத்தைப் பார்த்த பிறகு, அதோடு மழையில் நனைந்த நாள்களை எண்ணிச் சிரித்துக்கொண்டேன். இப்போதைய செய்கோ 5 ஸ்போர்ட்ஸ் டைவர் கடிகாரத்தின் தோற்றத்தில் இருந்தாலும் 100 மீட்டர் என்று மட்டுமே சொல்லிக்கொள்கிறது. பக்கவாட்டில் நேரம் திருத்தும் குமிழும் திருகி மூடும் வகையைச் சேர்ந்ததன்று. அந்த அடக்கமே எனக்கு நம்பிக்கை தருகிறது.

நேரத் துல்லியத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. 4ஆர்36-க்கு நிறுவனம் தரும் வரம்பே நாளொன்றுக்கு 45 நொடி கூடுதல் முதல் 35 நொடி குறைவு வரை என்று தாராளமாக இருக்கிறது. தொடக்கத்தில் என் நகல் இதைவிடத் துல்லியமாக ஓடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். துல்லியம்தான் முக்கியம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டுக் குவார்ட்ஸ் வாங்கலாம். 1989-இல் வந்த கேசியோ எஃப்-91டபிள்யூ ஒரு செல்லில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஓடும். மாதத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிசகாது. செல் மாற்றும் வேலையும் வேண்டாம் என்பவருக்கு ஒளியில் மின்னேற்றம் பெறும் சிட்டிசன் எக்கோ-டிரைவ் இருக்கிறது. பராமரிப்பை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் என் ஆட்டோமேட்டிக்கையும் இவை தோற்கடித்துவிடும். பின்மூடியின் கண்ணாடி வழியே ரோட்டார் சுழல்வதைப் பார்க்கும் ஆசையால்தான் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மறுவிற்பனையைப் பற்றி இரண்டு வரி போதும். விலைமலிவான அசல் கடிகாரத்தைக் கட்டத் தொடங்கியதுமே அதன் மதிப்பு குறையும். ஆனாலும் பெயரைச் சொல்லி வெளிப்படையாக விற்கலாம். 2019-இல் தயாரிப்பு நின்ற செய்கோ எஸ்கேஎக்ஸ்007 போல, பழையதற்கு விலை ஏறுவதும் எப்போதாவது நடக்கும். நகலை அசல் என்று சொல்லி விற்றால் மோசடி, நகல் என்று சொல்லியே விற்றாலும் வணிகக்குறிச் சட்டத்தில் சிக்கல்; ஆகவே அதை வாங்கும்போது கொடுத்த பணத்தை அன்றே மறந்துவிட வேண்டும்.

அந்தத் தோற்றத்தின் மீதுதான் ஆசை என்றால் ‘ஹோமேஜ்’ என்ற நடுவழியும் உண்டு. புகழ்பெற்ற வடிவத்தைப் பின்பற்றினாலும் டயலில் சொந்தப் பெயரையே போட்டுக்கொள்ளும் கடிகாரங்கள் இவை. பலவற்றில் என்எச்36-இன் குடும்பத்தைச் சேர்ந்த என்எச்35 மெஷினே இருப்பதால் பராமரிப்புக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. முதல் முறையே இதைப் பற்றித் தெரிந்திருந்தால் நான் நகலின் பக்கம் போயிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது.

மலிவானவற்றுக்குப் போலி வராது என்ற நம்பிக்கையும் தவறானது. எஃப்-91டபிள்யூவுக்கே போலிகள் உண்டு. வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் அசலில் ‘கேசியோ’ என்ற பெயர் திரையில் தோன்றும். பழைய செய்கோ 5-களை வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். உடலும் மெஷினும் அசலாக இருக்க, டயலை மட்டும் புதிதாக அச்சடித்து, அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறங்களில் விற்கிறார்கள்.

என் நகல் இப்போது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதன் எஃகுப் பட்டை நல்ல கனமானது, கொக்கியும் இறுக்கமாக மூடும். அதையாவது கழற்றிச் செய்கோவுக்குப் போடலாம் என்று ஒரு நாள் அளந்து பார்த்தேன். நகலில் பட்டை பொருந்தும் இடைவெளி 20 மில்லிமீட்டர், செய்கோவில் 22.