ஃப்ரெஞ்சுல பொண் கொழந்தைக்கு பேர் தேடறீங்களா? காசு குடுத்து வாங்குன ஆப்பு, சும்மா கெடச்ச இன்சே (ஃப்ரான்ஸ் கவர்மெண்ட் சைட்டு), ரெண்டையும் பாத்துட்டு எழுதறேன்

என் தங்கச்சி பாரிஸ் பக்கத்துல இருக்கா, அடுத்த மாசம் டெலிவரி, பொண்ணுன்னு சொல்லிட்டாங்க. நம்ம பாண்டில மாதிரி கொழந்த பொறந்து பதினோராம் நாள் பேர் வச்சுக்கலாம்னு அங்க இருக்க முடியாது, பொறந்த நாள விட்டுட்டு 5 நாளைக்குள்ள மேரில (முனிசிபாலிட்டி ஆபீஸ்தான்) போய் பதிவு பண்ணணும், அப்ப பேர் கைல ரெடியா இருக்கணும். அதனால பேர் தேடற வேலைய அக்கா நீ பாருன்னு என்கிட்ட குடுத்துட்டா.

மொதல்ல ஒரு பேபி நேம் ஆப்புக்கு காசு கட்டினேன். பேர் இங்க சொல்லல. பாக்க ரொம்ப அழகா இருக்கு, ரோஸ் கலர்ல கார்டு கார்டா வருது, ஆனா அர்த்தம் போட்டிருக்கறத நம்பவே நம்பாதீங்க. செசில்னு ஒரு பேருக்கு "இசை"ன்னு போட்டிருந்தாங்க. எனக்கு ஃப்ரெஞ்சு சொல்லிக்குடுத்த டீச்சர்கிட்ட காட்டினேன், அவங்க பேப்பர் எடுத்து "கேகுஸ்"னு எழுதி, லத்தீன்ல இதுக்கு கண் தெரியாதவர்னு அர்த்தம்மா, செசில் அதுலேர்ந்து வந்த பேருன்னாங்க. செசில்ங்கற புனிதர சங்கீதத்துக்கு காவலான்னு கும்பிடறாங்க, நவம்பர் 22 அவங்க திருநாள், அதான் அந்த இசை உள்ள வந்திருக்கு. இன்னொண்ணு மெலனி. ஆப்புல "தேன்"னு இருக்கு. தேனும் தேனீயும் மெலிஸாவுக்குத்தான், மெலனின்னா கிரேக்கத்துல கருப்பு நிறத்தவள். நம்ம ஷ்யாமளா மாதிரி எவ்ளோ நல்ல அர்த்தம் அது, அத ஏன் மறைக்கணும்? எனக்கு நெஜமாவே கோவம் வந்துச்சு, ஏன்னா அந்த கொழந்த பெருசாகி என் பேருக்கு என்ன அர்த்தம்னு கேக்கறப்ப பொய்ய சொல்லி வச்சிருப்போம்.

அப்புறம் டீச்சர்தான் இன்சே பத்தி சொன்னாங்க. ஃப்ரான்ஸ் கவர்மெண்டோட புள்ளிவிவர ஆபீஸ். 1900லேர்ந்து வருஷா வருஷம் எந்த பேர எத்தன கொழந்தைக்கு வச்சிருக்காங்கன்னு அவங்க சைட்லயே பாக்கலாம், ஃப்ரீ. ஒரு பேர அடிச்சா கோடு போட்டு காட்டுது. இதுல நான் ரெண்டு ராத்திரி உக்காந்துட்டேன். லூயிஸ்னு அடிச்சு பாருங்க, நூறு வருஷத்துக்கு முன்னாடி மேல இருக்கு, நடுவுல தரையோட படுத்துருச்சு, 2000க்கு அப்புறம் திரும்ப எழுந்து இப்ப ஜாட், எம்மாவோட சேந்து உச்சில நிக்குது. ஆனா மார்த்தீன், மோனிக்லாம் எறங்கினது எறங்கினதுதான். நத்தாலி 60கள்ல கொடிகட்டி பறந்துச்சு, செலினும் ஓரெலியும் 80 பக்கம். அதாவது பேர கேட்டாலே அந்த ஊர்க்காரங்க வயச குத்துமதிப்பா சொல்லிடுவாங்க. நமக்கு காதுக்கு எல்லாமே புதுசா அழகா கேக்கும், அங்க க்ளாஸ்ல உக்காரப்போறது கொழந்ததானே, அதனால இது தெரிஞ்சுக்கறது ரொம்ப முக்கியம்.

கொற என்னன்னா அர்த்தமும் இல்ல, எப்படி சொல்றதுங்கறதும் இல்ல, எல்லாமே ஃப்ரெஞ்சுல இருக்கு. ரொம்ப அபூர்வமான பேர்னா தனியா காட்டாது, மொத்தமா ஒரே கணக்குல போட்டுடறாங்க.

பேர் விஷயத்துல அங்க முன்னாடி பயங்கர கெடுபிடியாம், 1803ல வந்த சட்டப்படி காலண்டர்ல இருக்கற புனிதர் பேரும் பழைய சரித்திரத்துல வர பேரும்தான் வைக்கலாம். 1993லதான் அத விட்டாங்க. இப்பவும் கொழந்தைக்கு கெடுதல்னு தோணுச்சுன்னா மேரில இருக்கற ஆபீசர் மேலிடத்துக்கு எழுதி அனுப்பலாம், கோர்ட்டு பேர மாத்தலாம், நுட்டெல்லான்னு (ப்ரெட்ல தடவற சாக்லேட் பேரு) வச்ச கொழந்தைய எல்லான்னு மாத்துன கேஸ் அப்ப பேப்பர்லலாம் வந்துச்சு.

எங்க ஆயா பேரு ஜோதி. அந்த அர்த்தத்துலயே வேணும்னு தங்கச்சிக்கு ஆச. லூசின்னா லத்தீன்ல வெளிச்சம், அதத்தான் மொதல்ல பிடிச்சோம், ஆனா அம்மா முத்தியால்பேட்டைலேர்ந்து ஃபோன்ல கேட்ட ஒடனே வேணாம்டின்னுட்டாங்க, லீவுக்கு இங்க வந்தா தெருவுல பசங்க எப்படி கூப்பிடுவாங்கன்னு நமக்கே தெரியுமே. மார்கோ பிடிச்சிருந்துச்சு, மார்கெரித்தோட செல்லப்பேரு, முத்துன்னு அர்த்தம், ஆனா கடைசில எழுதற 'ட்' அவங்க சொல்ல மாட்டாங்க, நம்மாளுங்க எல்லாரும் மார்காட்னுதான் படிப்பாங்க. கடைசியா க்ளேர். பளிச்னு தெளிவா இருக்கறதுன்னு அர்த்தம், இன்சேல பாத்தா எந்த தலமுறைலயும் காணாமப் போகல. அம்மாவுக்கு ஒரே தடவைல வாய்ல வந்துடுச்சு. அங்க ஒண்ணுக்கு மேல பேர் பதியலாம், அதனால க்ளேருக்கு அடுத்து ஜோதி.

ஆப்புக்கு ஒரு ஸ்டார், அதுவும் பேர்களோட லிஸ்டுக்காக மட்டும். இன்சேக்கு நாலு. அர்த்தத்துக்கு லத்தீன் கிரேக்கம் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுடுங்க. தங்கச்சி ஸ்பெல்லிங்க பெருசா பேப்பர்ல எழுதி ஆஸ்பத்திரி பைல வச்சுட்டா.