மூன்று தலைமுறை சிவிக்: ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தபோது

ஹோண்டா சிவிக் செடானின் மூன்று தலைமுறைகளை, அதாவது 1995இல் வந்த ஆறாவது, 2005இல் வந்த எட்டாவது, 2021இல் வந்த பதினோராவது தலைமுறைகளை, அடுத்தடுத்து வைத்து ஓட்டியிருக்கிறேன். குதிரைத்திறனும் ஏர்பேக்குகளும் கூடிக்கொண்டே வந்ததை விவரச் சுவடிகளே சொல்லிவிடும். ஆண்டுக்கணக்கில் ஓட்டியதில் நான் கவனித்தது ஓட்டுபவரின் கண்ணுக்கும் கைக்கும் கிடைத்ததையும் அவை இழந்ததையுமே.

ஆறாவது தலைமுறையில் முன்சக்கரங்களுக்கு இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தை மேலும் கீழுமாக இரண்டு கைகள் தாங்கும் அமைப்பு, இருந்தது. அது உயரம் குறைவான அமைப்பு என்பதால் பானெட்டும் டாஷ்போர்டும் தாழ்ந்திருக்க, முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள மெலிந்த கம்பங்களுக்கு நடுவே சாலை முழுவதும் கண்ணில் படும். ஆக்ஸிலரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே வெறும் கேபிள்தான். கால் அசைந்த அளவுக்கு வண்டி அசையும். எஞ்சினின் வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்திசைந்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டை மட்டும் மறக்கக் கூடாது. ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியபோது அதை மாற்றி, அதே பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றினேன். கழற்றிய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஒரு வெடிப்புகூட இல்லை. வீண்செலவோ என்று தோன்றியது. ஆனால் அது முன்னறிவிப்பின்றி அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும் என்பதால், பார்வைக்கு நன்றாக இருப்பதை நம்பி ஓட்டுவது சரியல்ல.

2000இல் வந்த ஏழாவது தலைமுறையில் முன்பக்க சஸ்பென்ஷன், உயரம் கூடிய மக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற அமைப்புக்கு மாறியது. அதை நான் வாங்கவில்லை.

எட்டாவது தலைமுறைதான் என்னிடம் அதிக காலம் இருந்தது. அதன் 1.8 லிட்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின் வந்ததால் அந்தக் கவலை நீங்கியது. சீரான வேகத்தில் மெல்ல ஓட்டும்போது காற்று உள்ளே வரும் வால்வைத் தாமதமாக மூடி, காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலை அகலத் திறந்தே வைத்திருப்பதால், எஞ்சின் காற்றை உறிஞ்சுவதற்கு வீணாகும் உழைப்பு குறைகிறது. நெடுஞ்சாலையில் அதன் பலனை எரிபொருள் முள்ளே காட்டும். ஆக்ஸிலரேட்டர் கேபிள் போய் மின்வழிக் கட்டுப்பாடு வந்துவிட்டதால், த்ராட்டிலைத் திறப்பது நேரடியாக என் கால் அல்ல என்பதும் புரியும். இரண்டடுக்கு டாஷ்போர்டில் வேகம் மேலே எண்களாகவும், எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் சுழற்சிமானி ஸ்டியரிங்குக்குப் பின்னே முள்ளாகவும் இருக்கும். ஸ்டியரிங் வளையத்தின் மேல்விளிம்பு இரண்டுக்கும் நடுவே வருமாறு உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். என் மனைவி ஓட்டிய மறுநாள் வேகத்தின் பாதி எண்கள் எனக்குத் தெரியாது! முன்கம்பங்கள் மட்டும் சாய்ந்து தடித்துவிட்டன. அக்காலக் கார்கள் பலவற்றின் போக்கும் அதுவே.

பத்தாவது தலைமுறையில் ஒலியளவுத் திருகை எடுத்துவிட்டுத் தொடுதிரையை நம்பினார்கள். 2019 மாடலில் திருகு திரும்ப வந்தது. பதினோராவதில் அந்தப் பாடம் நன்றாகவே தெரிகிறது. குளிர்சாதனத்தின் திருகுகள் கிளிக் என்ற ஓசையுடன் சுழல்வதால் பார்க்காமலே திருப்பலாம். பக்கக் கண்ணாடிகள் கதவுக்கு இறங்கி, கம்பங்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பானெட்டும் தாழ்ந்திருப்பதால், ஆறாவதில் இருந்த திறந்த பார்வை ஓரளவு திரும்பக் கிடைத்திருக்கிறது.

திரும்பாதது அளவுதான். 1972இல் சுமார் மூன்றரை மீட்டரில் தொடங்கிய சிவிக், இன்று நாலரை மீட்டரைத் தாண்டிவிட்டது. என் முதல் சிவிக்கைவிட இது ஏறத்தாழ இருபது சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலம் கூடுதல். கார் அறையில் அதன் பக்கத்தில் நின்ற சைக்கிளைச் சுவரில் கொக்கி அடித்து மாட்டியிருக்கிறேன்.