வால் தொரான்ஸ்: உயரத்துக்குத்தான் காசு

பனி இருக்குமா இருக்காதா என்று கடைசி நாள் வரை வானிலைச் செயலியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்பவர்களுக்கான பனிச்சறுக்கு ஊர் வால் தொரான்ஸ். அந்த ஒரு நிம்மதிக்காகத்தான் இங்கே பணம் கொடுக்கிறோம். மர வீடுகளும் தேவாலய மணியும் உள்ள பழைய மலைக்கிராமம் வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள். இது 1970-களில் பனிச்சறுக்குக்காகவே வெட்டவெளியில் கட்டிய ஊர். அடுக்குமாடிக் கட்டடங்கள், அவற்றின் வாசலிலேயே சறுக்குத்தடம். அழகு என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தால் பனி. பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், ஸ்கீயைத் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டாம்.

பிரான்சின் சவுவா பகுதியில், 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான ஸ்கீ ஊர் இதுதான். ஊட்டியைவிடக் கொஞ்சம்தான் உயரம், ஆனால் நிலநடுக்கோட்டிலிருந்து 45 பாகை வடக்கே. கூர்ஷவெல், மெரிபெல், லெ மெனுயிர் என்ற பக்கத்து ஸ்கீ ஊர்கள் எல்லாம் இதோடு லிஃப்டாலேயே இணைந்தவை. மொத்தம் 600 கிலோமீட்டர் தடங்கள். 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்று பெயர், ஒரெல் பக்கத்தையும் சேர்த்தால் உண்மையில் நான்கு.

நாங்கள் போனது ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக்கு. நானும் மகளும் சறுக்குவோம், கணவர் மாட்டார். மூத்தியே ரயில் நிலையத்தில் இறங்கி 37 கிலோமீட்டர் பஸ்ஸில் ஏற வேண்டும். வழியில் சான் மார்த்தான் என்ற பழைய கிராமத்தைக் கடக்கும்போது வயல்களில் பழுப்புப் புல் தெரிந்தது. "அம்மா, பனியே இல்லையே" என்று மகள் முகம் வாடிப்போனாள். அடுத்த அரை மணி நேரத்தில் சாலையோரப் பனிச்சுவர் பஸ் ஜன்னலை எட்டியது. இந்த ஊரின் வியாபாரமே அந்த அரை மணி நேர ஏற்றத்தில்தான் இருக்கிறது.

ஏப்ரல் பனிக்கு ஒரு நேர அட்டவணை உண்டு. இரவில் உறைந்து காலையில் கண்ணாடிபோல இருக்கும், ஸ்கீயின் ஓர விளிம்பு பிடிக்காது. பத்து மணிக்கு மேல் மேற்பரப்பு இளகி, வெண்ணெய்போல ஆகும். அதுதான் பொன்னான நேரம். இரண்டு மணிக்கு மேல் ஊர்ப்பக்கத் தடங்கள் கூழாகி முழங்காலைப் பதம் பார்க்கும். அதனால் காலையில் வெயில் படும் கிழக்குச் சரிவு, மதியம் மேற்கு, கடைசியில் வடக்கு என்று சூரியனின் பின்னாலேயே சுற்றினோம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்பது மணிக்கே வரிசையில் நின்று, பனிக்கட்டியில் விழுந்து, மூன்று மணிக்குக் கூழில் விழுந்து, "ஏப்ரல் மோசம்" என்று திட்டுபவர்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள்.

சீம் கரோன் என்ற சிகரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1982-இல் திறந்த கேபிள் கார், ஒரு பெட்டியில் 150 பேர். சுமார் 3,200 மீட்டருக்கு ஏற்றிவிடுகிறது. மேலே நின்றால் ஒரு பக்கம் மோன் ப்ளாங், மறுபக்கம் எக்ரான் மலைத்தொடர். சறுக்காதவர்களுக்கு நடைபயணிகள் பாஸ் இருக்கிறது, கணவர் அதில்தான் வந்தார். வந்தவர் கீழே இறங்கவே மனமில்லாமல் ஒரு மணி நேரம் நின்றார். ஆனால் ஒன்று: அங்கிருந்து ஊர்ப்பக்கம் இறங்கும் தடங்கள் சிவப்பும் கறுப்பும்தான் (பச்சை, நீலம் சுலபம்; சிவப்பு கடினம், கறுப்பு மிகக் கடினம்). பச்சையிலும் நீலத்திலும் மட்டும் பழகியவர்கள் காட்சியைப் பார்த்துவிட்டு அதே பெட்டியில் இறங்குவதில் எந்த வெட்கமும் இல்லை. மகள் கறுப்பில் போனாள். நான் சிவப்பில் போனேன், அதிலேயே மூச்சு வாங்கியது. அங்கே காற்றில் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஊரிலேயே கால்பங்கு குறைவு. முதல் இரவு தலைவலி, தூக்கமின்மை வந்தால் பயப்பட வேண்டாம். நிறையத் தண்ணீர் குடித்து, முதல் நாள் அடக்கி வாசியுங்கள். குறையாமல் கூடிக்கொண்டே போனால் மட்டும் கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள்.

வெயிலும் அப்படித்தான். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், போதாததற்குப் புதுப்பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி முகத்திலேயே அடிக்கும். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கும் ஆட்கள் முகவாய்க்கட்டையின் கீழ்ப்பக்கம் எரிவதை அங்கேதான் முதன்முதலாக உணர்வார்கள்.

சரி, குறைக்கு வருகிறேன். மரமே இல்லை. ஒரு மரம்கூட இல்லை என்றே சொல்லலாம். வெயில் நாளில் அது பிரம்மாண்டம். மேகம் இறங்கிவிட்டால் தரையும் வானமும் ஒரே வெள்ளை. பள்ளம் எது மேடு எது என்று காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு நாள் மாட்டிக்கொண்டோம். தடத்தின் ஓரக் கம்பங்களில் எண்கள் இருக்கும், கீழே போகப் போக எண் குறையும். அதைச் சொல்லிச் சொல்லி, ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் என்று இறங்கினோம். இப்படிப்பட்ட நாளில் மெரிபெல் பக்கத்துக் காட்டுத் தடங்களுக்குப் போனால் மரங்கள் நிழல் கொடுத்துச் சரிவைக் காட்டும். ஆனால் காட்டுக்குப் போக வேண்டிய அதே நாளில்தான் காற்றடித்து உயர லிஃப்டுகளை மூடிவிடுவார்கள்! இரட்டைக் கேபிளில் தொங்கும் ஃபூனிதெல் என்ற பெட்டி லிஃப்ட் மட்டும் மற்றவற்றைவிடக் காற்றைத் தாங்கும். 1990-இல் உலகின் முதல் ஃபூனிதெல் வந்ததே இந்த ஊரில்தான், பெக்லே மலைக்கு. அந்த பெக்லேயின் பனியாற்றில் ஒரு காலத்தில் கோடையிலும் சறுக்கினார்கள். இப்போது பனியாறு சுருங்கி, கோடைச் சறுக்கும் நின்றுவிட்டது. உயரமே உத்தரவாதம் என்று விளம்பரம் செய்யும் ஊரில் இதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

லிஃப்ட் பாஸ் வாங்கும்போது கவுண்டரில் முழுப் பகுதிக்கான பாஸைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆறு நாளுக்கு 400 யூரோவைச் சுற்றி வரும். புதிதாகக் கற்பவருக்கு அது தண்டம். வால் தொரான்ஸ், ஒரெல் இரண்டுக்கு மட்டும் தனிப் பாஸ் உண்டு, அதிலேயே 150 கிலோமீட்டர். எங்களைப் போல நடுத்தரமாகச் சறுக்குபவர்கள் அதையே முழுசாக முடிக்க மாட்டார்கள். நாங்கள் ஒரு நாள் மட்டும் கூடுதல் பணம் கட்டிக் கூர்ஷவெல் வரை போய் வந்தோம். போவது சுலபம், திரும்புவதில்தான் கவனம். மெரிபெல் பக்கத்திலிருந்து கோட் ப்ரூன் போன்ற இணைப்பு லிஃப்டில் ஏறினால்தான் இந்தப் பக்கம் வர முடியும். இணைப்பு லிஃப்டுகள் மூடிவிட்டால் டாக்ஸியில் மூத்தியே வரை இறங்கி மறுபடி ஏற வேண்டும், 50 கிலோமீட்டருக்கு மேல். இரண்டு மணிக்கே முகத்தைத் திருப்பி ஊர்ப்பக்கம் கிளம்பிவிடுங்கள். மீட்புக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரான்சில் தடத்தில் அடிபட்டு ஸ்லெட்ஜில் இறக்கினாலும் பில் வரும்.

வாடகைக் கடை ஒன்றில்தான் எரிச்சல். எனக்கு ஒரு சைஸ் பெரிய பூட்ஸைக் கொடுத்து "இரண்டு நாளில் பழகிவிடும்" என்றார்கள். பூட்ஸ் பழகாது, குதிகால்தான் தூக்கும். திரும்பப் போய், நின்று, மாற்றி வாங்கினேன். விரல் நுனி லேசாக முன்பக்கம் தொட்டு, முழங்காலை மடக்கியதும் விலக வேண்டும், அதுதான் சரியான அளவு. ஒரே மெல்லிய சாக்ஸ் போதும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் கால் மணி நேரம் போட்டுக்கொண்டே நில்லுங்கள்.

சாப்பாடு: மலைமேல் உணவகங்களில் விலை அதிகம், சைவத்துக்கு வழி குறைவு. தார்த்திஃப்ளெத் என்பது உருளைக்கிழங்கும் சீஸும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டுகள் உள்ளே இருக்கும். சீஸ் ஃபோந்துவில் இறைச்சி இருக்காது, ஒயின் சேர்ப்பார்கள். மதியமே சத்தமான இசைக்கு ஸ்கீ பூட்ஸோடு மேசைமேல் ஏறி ஆடும் கூட்டம் சில இடங்களில் உண்டு. மகளுக்குப் பிடித்திருந்தது, எனக்கு அரை மணி நேரம் போதும். நாங்கள் சமையலறையோடு கூடிய வீடு எடுத்திருந்தோம். அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வெந்தும் வேகாமலும் நிற்கும், பருப்பு வேகவே வேகாது. குக்கர் எதற்கு என்று கணவர் கேட்டார், பையில் திணித்துக்கொண்டு போனேன். முதல் விசில் வந்த பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை.

சறுக்காதவர்களும் செய்ய ஒன்று இருக்கிறது. பெக்லே மேலிருந்து 6 கிலோமீட்டர் டொபாகன் தடம், 700 மீட்டர் இறக்கம். பிளாஸ்டிக் ஸ்லெட்ஜ், இரண்டு பிரேக், ஹெல்மெட். கணவருக்கு அதுதான் பயணத்தின் உச்சம். மாலை போகாதீர்கள், தடம் குண்டும் குழியுமாகி இடுப்பு போய்விடும்.

ஜனவரி, பிப்ரவரி என்றால் நான் இங்கே வரமாட்டேன். அப்போது தாழ்ந்த ஊர்களிலும் பெரும்பாலும் பனி இருக்கும், மரங்கள் இருக்கும், குளிரும் இவ்வளவு கொட்டாது. டிசம்பர் தொடக்கத்துக்கும் ஏப்ரலுக்கும் இதற்கு மாற்று அதிகம் இல்லை. தேதி போடும்போது சனிக்கிழமையை மட்டும் தவிருங்கள். எல்லோருடைய வாடகை வாரமும் அன்றுதான் மாறும், அல்பெர்வில் தொடங்கி மூத்தியே வரை கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஞாயிறு முதல் ஞாயிறு வரை தங்க இடம் கிடைத்தால் அதை எடுங்கள். காரில் வந்தால் பார்க்கிங்கையும் முன்பே பதிவு செய்யுங்கள். சாமான் இறக்கியதும் காரைக் கட்டண நிறுத்தத்தில் விட்டாக வேண்டும், ஊருக்குள் வைத்திருக்க விடமாட்டார்கள்.