ஆர்பிஜியின் எக்ஸ்எம்எல்-இன்டூ: கை கொடுக்கும் இடமும் காலை வாரும் இடமும்

ஐபிஎம் ஐ (ஐபிஎம்மின் பிசினஸ் சர்வர் ஓஎஸ்) மெஷினில் எக்ஸ்எம்எல் (டேக்குகளுக்குள் டேட்டா வரும் ஃபைல்) படிக்க, அங்குள்ள புரோகிராமிங் மொழியான ஆர்பிஜிக்கு வெளி லைப்ரரி எதுவும் வேண்டாம். 2006-ல் வந்த வி5ஆர்4 வெர்ஷன் முதலே எக்ஸ்எம்எல்-இன்டூ, எக்ஸ்எம்எல்-சாக்ஸ் என்று இரண்டு ஆப்கோடுகள் (கட்டளைகள்) மொழிக்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு ஆர்டர் எக்ஸ்எம்எல்லாக வருகிறது என்று வையுங்கள். அதன் எலிமென்ட் (டேக்) பெயர்களிலேயே டேட்டா ஸ்ட்ரக்சர் (பல ஃபீல்டுகளின் தொகுப்பு) அமைத்தால், இன்டூவின் ஒரே ஸ்டேட்மென்டில் ஆர்டர் முழுக்க அதில் வந்து உட்காரும். இதற்காகவே இன்டூவுக்குத் தாராளமாக மார்க் போடலாம். டேக்கில் கேபிடல் எழுத்து இருந்தால் 'கேஸ்=எனி' ஆப்ஷன் கொடுங்கள்; ஹைஃபன் இருந்தால் 'கேஸ்=கன்வெர்ட்'. மறந்தால் 353 ஸ்டேட்டஸில் (எக்ஸ்எம்எல்லும் டேட்டா ஸ்ட்ரக்சரும் பொருந்தவில்லை) புரோகிராம் நிற்கும். 351 வந்தால் கதை வேறு: ஃபைலே ஒழுங்கான எக்ஸ்எம்எல் இல்லை.

வம்பு தொடங்குவது ஐட்டம் வரிசையில். உள்ளே டிம் 200 (200 இடம்) என்று ஒரு அரே வைத்திருக்கிறீர்கள், வந்ததோ 3 ஐட்டம். உடனே 353. பலரும் செய்வது 'அலோமிஸ்ஸிங்=யெஸ்' (குறைந்தாலும் பரவாயில்லை), கூடவே 'அலோஎக்ஸ்ட்ரா=யெஸ்' (மிகுந்தாலும் பரவாயில்லை). எரர் போய்விடும். ஆனால் விலை டேக் இல்லாமல் வந்த ஆர்டரும் சத்தமில்லாமல் உள்ளே நுழையும். 201-வது ஐட்டம் கேட்பாரற்றுக் கழன்றுபோகும். சரியான வழி 'கவுன்ட்பிரிஃபிக்ஸ்=நம்_'. ஐட்டம் அரேக்குப் பக்கத்தில் நம்_ஐட்டம் என்று ஒரு இன்டிஜர் சப்ஃபீல்டு வைத்தால், எத்தனை நிரம்பியது என்று அதில் வரும். விருப்ப டேக்குகளுக்கும் இதே போல ஆளுக்கொரு எண்ணிக்கை ஃபீல்டு. தட்டச்சு வேலை கூடும்தான், ஆனால் கட்டாய டேக் விடுபட்டால் எரர் வரும். அதுதானே நமக்கு வேண்டியது?

ஒரே டேக்கில் அட்ரிபியூட்டும் மதிப்பும் சேர்ந்து வந்தால் (விலையோடு கரன்சி) 'டேட்டாசப்எஃப்' (மதிப்பு எந்த சப்ஃபீல்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஆப்ஷன்) வேண்டும். டீஃபால்ட் 'டிரிம்=ஆல்' முகவரியின் வரி முறிவுகளை ஒற்றை ஸ்பேஸாக்கிவிடும்; அப்படியே வேண்டுமென்றால் 'டிரிம்=நன்'.

ஐட்டம் ஆயிரக்கணக்கில் வந்தால் டிம்மை ஊதவைக்காதீர்கள். பர்சன்ட்-ஹேண்ட்லரில் உங்கள் புரொசீஜர் ஒன்றைக் கொடுத்து 100 100-ஆக வாங்கிக்கொள்ளலாம். கடைசித் தவணையில் 100 இல்லாமல் போகலாம். லூப்பை டிம் வரை ஓட்டாமல், ஹேண்ட்லருக்கு வரும் எண்ணிக்கை பாராமீட்டர் வரை மட்டும் ஓட்டுங்கள்.

சாக்ஸ், வடிவம் முன்கூட்டித் தெரியாத ஃபைலுக்கு மட்டும். எல்லாம் ஈவென்ட் ஈவென்டாக வரும், எந்த டேக்குக்குள் இருக்கிறோம் என்ற கணக்கு உங்கள் பொறுப்பு. ஒரு கம்பெனிப் பெயரின் நடுவில் ஆம்பர்சாண்ட் இருந்தால் பெயர் துண்டு துண்டாக வரும்; எண்ட் எலிமென்ட் ஈவென்ட் வரும்வரை சேர்த்துக்கொண்டே போக வேண்டும். நீளம் எப்போதும் பைட்டில் வருகிறது, ஆகவே யூசிஎஸ்-2 (எழுத்துக்கு இரண்டு பைட்) என்றால் இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.