ஒரே வீட்டுல ரெண்டு தலை: எண்ணெய்யா, ஷாம்பூவா, கிரீமா, குடிக்கிற மருந்தா?

போன கச்சான் காத்து நேரம் எங்கட கல்லடி வீட்டுல ஒரே கிழமையில ரெண்டு புள்ளைகள்ற தலையிலயும் செதில் கண்டம். ஒண்டு மச்சாள்ற மகள், மூணு மாசம். மத்தது என்ட மகன், ரெண்டரை வயசு. பெத்தா ரெண்டு தலையையும் தடவிப் பாத்துட்டு "சூடுதான் புள்ள, எண்ணெய வெச்சு ஊற விடுங்க" எண்டா. ஒரே போத்தல் தேங்காய் எண்ணெய்தான் ரெண்டு பேருக்கும் வெச்சம், மருமகள்ற தலை ரெண்டு கிழமையில சுத்தமாகிட்டு, என்ட மகனுக்கு அஞ்சு ரூவா குத்தி அளவு வட்டமா முடி கொட்டிப்போச்சு.

அதால எது நல்லம் எண்டு கேக்கிற அம்மாமாருக்கு நான் முதல்ல சொல்றது, மருந்த விடுங்க, தலைய வெளிச்சத்துல வெச்சு வடிவா பாருங்க எண்டுதான்.

கைக்குழந்தைக்கு வாறது மஞ்சளா, எண்ணெய்ப் பசையோட, தடிப்பா ஒட்டின பொருக்கு. புருவத்துலயும் காதுக்குப் பின்னாலயும் கூட இருக்கும். புள்ளைக்குப் பெருசா கடிக்காது, பால் குடிச்சு நித்திரை கொள்ளும். தாய்ட ஹோர்மோனால எண்ணெய்ச் சுரப்பி கூட வேலை செய்யுறதும், எல்லார்ட தோல்லயும் இருக்கிற ஒரு பங்கஸும் சேர்ந்து வாறது எண்டு சொல்றாங்க. கூடுதலா ஒரு வயசுக்குள்ள தானா போயிரும். இதுக்கு எண்ணெய்தான் வெல்லும், ஆனா பெத்தா சொன்ன மாதிரி ராமுழுக்க ஊற வைக்கிற இல்ல. அந்தப் பங்கஸ் கொழுப்பைத் தின்டுதான் வளருது, எண்ணெய் தலையில கிடந்தா அதுக்குத்தான் சாப்பாடு. குளிக்க வாக்க அரை மணித்தியாலத்துக்கு முந்தி ஒள்ளுப்பம் தடவி, பொருக்கு இளகினதும் மெல்லிய பிரஷ்ஷால நீவி, பேபி ஷாம்பு போட்டு எண்ணெய் போக கழுவி விடணும். நகத்தால கிள்ளவே வேணாம், புண்ணாகிரும். எண்ணெய்க்குள்ள கற்பூரம் கரைச்சு வைக்கிற பழக்கம் இங்க கனபேருக்கு இருக்கு, தயவு செஞ்சு சின்னப் புள்ளைக்கு அத செய்யாதீங்க, கற்பூரம் உடம்புக்குள்ள போனா வலிப்பே வரும்.

என்ட மகன்ட தலை வேற கதை, அது வேற பங்கஸால வாற படர்தாமரை எண்டு பிறகுதான் தெரிஞ்ச. முடி வட்டமா கொட்டி, தோல் சாம்பல் பூத்த மாதிரி செதிலா இருந்த, முடி அடியோட முறிஞ்சு கறுப்புக் கறுப்பா புள்ளி தெரிஞ்ச, ராவெல்லாம் சொறிஞ்சான். பக்கத்து வீட்டு அக்கா புழுவெட்டு எண்டு சின்ன வெங்காயம் தேய்க்கச் சொன்னா. புழுவெட்டெண்டா அந்த இடம் வழுவழுண்டு இருக்கும், செதில் இருக்காது. நான் வெங்காயம் தேய்க்கல்ல, ஆனா அதவிடப் பெரிய பிழை விட்டன். ஒரு பார்மசியில காட்ட, பங்கஸ் மருந்தும் ஸ்டீரொய்டும் ஒண்டா கலந்த கிரீம் ஒண்டு எடுத்துத் தந்தாங்க, டொக்டரிட்ட காட்டுங்க எண்டு ஒரு சொல்லும் சொல்லல்ல. மூணு நாள்ல சிவப்பு அடங்கிச்சு, நானும் சந்தோசப்பட்டன், மறுகா பாத்தா வட்டம் ரெண்டாகிட்டு. ஸ்டீரொய்டு சிவப்பையும் கடியையும்தான் அமத்துது, பங்கஸ் அடியில பரவிக்கிட்டே இருந்திருக்கு.

தலையில வாற படர்தாமரைக்கு கிரீம் மட்டும் போட்டு மாறாது, ஏனெண்டா பங்கஸ் முடியின்ட வேருக்குள்ளயும் முடிக்குள்ளயும் போய் இருக்கு, மேல பூசுறது அங்க எட்டாது. பெரியாஸ்பத்திரி தோல் கிளினிக்குல டொக்டர் செதில சுரண்டி டெஸ்டுக்கு எடுத்துப்போட்டு முதல் கேட்ட கேள்வி "வீட்டுல பூனைக்குட்டி இருக்கா?" இந்தப் பங்கஸ் பூனையிட்ட இருந்தும் தொத்துமாம். இருக்கு எண்டன், அவன் அதக் கட்டிப்புடிச்சுத்தான் படுக்கிறவன்.

குடிக்கிற மருந்து கிரிசியோபுல்வின், அவன்ட நிறைக்கு அளந்து 8 கிழமைக்கு எழுதினாங்க. கொழுப்புள்ள சாப்பாட்டோட குடுத்தாத்தான் உடம்புல நல்லா சேரும், அதால முட்டையோட அல்லது பாலோட குடுத்தன். கிழமைக்கு ரெண்டு தரம் கீட்டோகொனசோல் ஷாம்பு, அது நோயை மாத்துறதுக்கில்ல, மத்தவங்களுக்குத் தொத்தாம இருக்க. வீட்டுல எங்கட தலையளையும் பாக்கச் சொன்னாங்க. சீப்பு, துவாய், தொப்பி எல்லாம் வேற வேறயா வெச்சம், பூனைக்குட்டிய மிருக வைத்தியரிட்ட கொண்டு போனம்.

மருந்து ஷாம்பு கைக்குழந்தைக்கும் சில நேரம் எழுதுவாங்க, எண்ணெய்க்கு அடங்காட்டி. ஆனா பெரியாக்கள்ற பொடுகு ஷாம்புவ நீங்களா எடுத்துப் போடாதீங்க, சிலதுல இருக்கிற சலிசிலிக் அசிட் சின்னத் தோலுக்குள்ளால உடம்புல ஏறும்.

முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு, கன்னத்துலயும் காஞ்சு கடிச்சா அது கரப்பன் பக்கம், அதுக்கு ஈரப்பதம் குடுக்கிற கிரீம்தான் முதல். தலையில மெத்தெண்டு வீங்கி சீழ் வடிஞ்சா, பிடரியில நெறி கட்டினா, காய்ச்சல் வந்தா மட்டும் எதையும் ஒப்பிட்டுக்கொண்டு நிக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.

அஞ்சாவது கிழமை மகன்ட தலையில அந்த வட்டத்துக்குள்ள விரல வெச்சுப் பாத்தன், முள்ளு முள்ளா முடி குத்திச்சு. எனக்கு அழுகையே வந்துட்டு. மருந்து இன்னும் மூணு கிழமைக்குக் கிடந்த, ஒரு நாளும் விடாமக் குடுத்து முடிச்சன்.